200 ஓகே வந்தா போதுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக்கிட்டு இருக்கீங்களா? அதுல டாக்குமென்டேஷன்னு நாம எதை எழுதுறோம்னு கொஞ்சம் புரட்டிப் பாருங்க. கிளவுட் கம்ப்யூட்டிங் என்றால் என்ன, பத்து பக்கம். ஸ்கிரீன்ஷாட் பதினைந்து பக்கம். ஏபிஐ டெஸ்டிங்னு ஒரு அட்டவணை, மேலேர்ந்து கீழ வரைக்கும் பாஸ், பாஸ், பாஸ். ஸ்பைரல் பைண்டிங் போட்டா வேலை முடிஞ்சது. ஏபிஐ ஓடுச்சா இல்லையாங்கறதோட நிறுத்திடறோம். ஓடினதுக்கு அப்புறம் யாருக்கு என்ன ஆகும்னு ஒரு வரி எழுதறது இல்ல.

காசு சம்பந்தப்பட்ட ஏபிஐ ஒன்னை எடுத்துக்கிட்டா இந்த ஓட்டை எவ்வளவு பெருசுன்னு தெரியும். கூகுள் கிளவுடோட பில்லிங் ஏபிஐயில் அப்டேட்பில்லிங்இன்ஃபோன்னு ஒரு மெத்தட் இருக்கு. ஒரு ப்ராஜெக்ட்டோட செலவு எந்த பில்லிங் அக்கவுண்ட்ல விழணும்னு மாத்தறதுதான் அதோட வேலை. ஒரு புட் ரிக்வெஸ்ட், யூஆர்எல்லில் ப்ராஜெக்ட் ஐடி, பாடியில் நீங்க நிரப்ப வேண்டியது பில்லிங்அக்கவுண்ட்நேம்னு ஒரே ஃபீல்டு. நம்ம ரிப்போர்ட்ல இதுக்கு அரைப் பக்கம்கூடத் தேறாது.

ஆனா அந்த ஒரு ஃபீல்டுல திறந்திருக்கிற ஒரு அக்கவுண்ட்டைக் கொடுத்தா, ப்ராஜெக்ட்டுக்கு பில்லிங் ஆன் ஆகும். அதே இடத்துல எதுவுமே போடாம காலியா அனுப்பினா, பில்லிங் துண்டிக்கப்படும். காசு கேட்கிற சேவை எல்லாம் நிக்கும், அதை நம்பி ஓடுற ஆப்பும் நிக்கலாம். மூடப்பட்ட ஒரு அக்கவுண்ட்டோட பேரைக் கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே கதிதான். எர்ரர் வந்து உங்களை எச்சரிக்கும்னு காத்திருக்காதீங்க. திரும்பி வர்ற பதில்ல பில்லிங்எனேபிள்டுன்னு ஒரு ஃபீல்டு இருக்கும். அது ட்ரூவா ஃபால்ஸான்னு பார்க்கணும். 200 ஓகேவை மட்டும் பார்த்துட்டு பாஸ் போடற நம்ம அட்டவணை இங்கேதான் பல்லிளிக்கும்.

இதைவிட சுவாரஸ்யமான ஒன்னு அந்தப் பக்கத்துலயே ஒரு குறிப்பா இருக்கு. நாலு பேர் டீம்னு வெச்சுக்கோங்க. இதுவரைக்கும் ப்ராஜெக்ட் உங்க ஃப்ரெண்டோட அக்கவுண்ட்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு, இன்னைக்கு உங்க அக்கவுண்ட்டுக்கு மாத்தறீங்க. நேத்து வரைக்குமான செலவு அவனோடது, இன்னையிலேர்ந்து உங்களோடதுன்னுதானே நினைப்பீங்க? பழைய செலவுல இன்னும் கணக்குல ஏறாதது ஏதாவது இருந்தா, அது புது அக்கவுண்ட்டுல விழலாம்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு. மாத்தறதுக்கு முன்னாடி நடந்த செலவா இருந்தாலும் சரி. ஆனா மாத்தாம வெறுமனே துண்டிச்சா, பாக்கி பழைய அக்கவுண்ட்டுக்கே போகும். ஒரே மெத்தட், ஒரே ஃபீல்டு, பாக்கியைக் கட்டற ஆள் மட்டும் வேற. உங்க அக்கவுண்ட்ல இருக்கிறது உங்க அப்பாவோட கார்டுன்னா இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

அனுமதி விஷயத்திலும் இதே மாதிரி ஒரு கோணல் இருக்கு. இணைக்கணும்னா ப்ராஜெக்ட், பில்லிங் அக்கவுண்ட் ரெண்டு பக்கமும் உங்களுக்கு உரிமை வேணும். துண்டிக்க ஏதாவது ஒரு பக்கத்தோட ஓனரா இருந்தாலே போதும்னு அந்தப் பக்கம் சொல்லுது. யோசிச்சா நியாயம்தான், யார் காசோ அவர் நிறுத்த முடியணும். ஆனா டெமோவுக்கு முந்தின நாள் கார்டுக்காரர் பயந்துபோய் துண்டிச்சா என்ன செய்யறதுன்னு டீம்ல யாராவது பேசி வெச்சிருக்கீங்களா?

"பட்ஜெட் அலர்ட் போட்டிருக்கோம், கவலை இல்ல"ன்னு சொல்றவங்களுக்கு: பட்ஜெட் அலர்ட் மெயில் அனுப்பும், செலவை நிறுத்தாது. தானா நிறுத்தணும்னா, அலர்ட் வந்ததும் ஒரு ஃபங்ஷன் ஓடி, மேல சொன்ன அதே காலி ஃபீல்டை அனுப்பற மாதிரி நீங்களே கட்டணும். அதுக்கு மாதிரி கோடும் கூகுள் கொடுக்குது. கூடவே, துண்டிச்சா சில ரிசோர்ஸ்கள் மீட்க முடியாதபடி அழிஞ்சு போகலாம்னு எச்சரிக்கையும் கொடுக்குது. செலவு கணக்குல ஏற நேரம் பிடிக்கும்ங்கறதால, துண்டிக்கறதுக்குள்ள பட்ஜெட்டைத் தாண்டியும் போயிருக்கலாம். கோடை காப்பி பண்ணவங்க எச்சரிக்கையையும் ரிப்போர்ட்ல காப்பி பண்ணினாங்களான்னு வைவால கேட்டுப் பார்க்கணும்.

கூகுளோட அந்தப் பக்கத்துக்கு மார்க் போடச் சொன்னா, உண்மையைச் சொன்னதுக்கு முழு மார்க். இடத்துக்கு பாதிதான். மேல சொன்னதுல பட்ஜெட்டைத் தவிர மத்த எல்லாமே அங்கே இருக்கு, ஆனா பாரா நடுவுல, நம்ம கண்ணு தாண்டிப் போற இடத்துல. நாம நேரா மாதிரி ரிக்வெஸ்டுக்குத்தானே தாவுவோம்? இன்னொன்னு, இந்த மெத்தடுக்கு வெள்ளோட்டம் பார்க்க தனி வசதி கிடையாது. பக்கத்தோரம் இருக்கிற ட்ரை பண்ணு பெட்டி நிஜ டேட்டா மேலயே வேலை செய்யும்.

இப்போ இந்த மாதிரி ஏபிஐகளை ஏஐ ஏஜென்ட் கையிலயும் டூலா கொடுக்க ஆரம்பிச்சிருக்கோம். அந்த ஏஜென்ட்டுக்கு அந்த டூலைப் பத்தித் தெரியறது பெரும்பாலும் நாம எழுதற விளக்கம்தான். "ப்ராஜெக்ட்டின் பில்லிங் அக்கவுண்ட்டை மாற்றும்"னு ஒரு வரியோட விட்டா, காலியா அனுப்பினா எல்லாம் நிக்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்? மனுஷனாவது சீனியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்பான்.

அதனால நம்ம ரிப்போர்ட் டெம்ப்ளேட்ல, வெளி ஏபிஐ பயன்படுத்தற ஒவ்வொரு டீமும் ஒரு பக்கம் எழுதணும்னு கேட்கிறேன். காசு யாருடையது, எதை அனுப்பினா எது நிக்கும், எதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. டெஸ்டிங் அட்டவணையில் காலி ஃபீல்டுக்கு ஒரு வரிசை, மூடின அக்கவுண்ட்டுக்கு ஒரு வரிசை, அதை ஓட்டறதுக்குன்னே உள்ளே எதுவும் இல்லாத ஒரு டம்மி ப்ராஜெக்ட். இடம் பத்தலைன்னா கிளவுட் கம்ப்யூட்டிங் என்றால் என்னங்கற பத்துப் பக்கத்துல கை வைக்கலாம். எந்த எக்ஸ்டர்னலும் அதைப் படிச்சதா நான் கேள்விப்பட்டது இல்ல.