பன்றிக்கும் பசுந்தீவனம்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போஜன சாலைகளின் மிச்ச ஆகாரத்தை நம்பி, புறநகரில் சில பன்றிகளை வளர்த்து ஜீவனம் நடத்தும் எளியவர்கள், 2020இல் அஸ்ஸாமில் ஆயிரக்கணக்கான பன்றிகளை மாய்த்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், கொதிக்க வைக்காத எச்சிற் சோற்றின் வழியாகவும் பரவும் என்பதை உணர்ந்து, சிறிது நிலத்திலேனும் சர்க்கரைவள்ளிக் கொடியும் குதிரைமசாலும் பயிரிடுவது அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம். பன்றி ஒற்றை இரைப்பைப் பிராணி. மாட்டைப்போல் நாரை ஜீரணிக்கும் சக்தி அதற்கில்லை. ஆதலின் முற்றிய புல்லன்று, இளந்தழையே உகந்தது, அதுவும் தவிடு, பிண்ணாக்கு, மக்காச்சோளத்துக்குத் துணையாக மட்டுமே. காட்டுப்பாக்கத்தில் பன்றி ஆராய்ச்சி நடத்தும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், விதையும் கொடித்தண்டும் இவர்களுக்கு இலவசமாக வழங்க முன்வர வேண்டும்.