பழைய டிராக்டரும் உதிரிச் சாமான் செலவும்

உழவு மாடுகள் குறைந்து டிராக்டர்கள் மிகுந்துவிட்ட இக்காலத்தில், விவசாயியின் வரவு செலவுக் கணக்கில் ஓர் இனம் ஆண்டுதோறும் வளர்ந்து வருகிறது. அது பழைய டிராக்டருக்கு வாங்கும் உதிரிச் சாமான்களின் செலவேயாம். விதை, எரு, நடவுக் கூலி ஆகியவற்றின் செலவை விரல்விட்டு எண்ணிச் சொல்லும் மிராசுதாரரும், சென்ற ஆண்டில் தம் டிராக்டருக்கு எவ்வளவு செலவாயிற்று என்று வினவினால் விடை கூற இயலாது விழிப்பர். பட்டறைக்காரருக்குக் கொடுத்தது ஒரு தொகை. சாமான் கடையில் கடனாக நிற்பது ஒரு தொகை. நகரத்துக்கு ஆள் அனுப்பிய பயணச் செலவு ஒரு தொகை. இவை ஓரிடத்தில் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத செலவைக் குறைக்க வழி தேடுவாரும் இல்லை. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது நலம்.

பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவதே முறை என்பார் உளர். அவர் கூற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாற்பது குதிரைச் சக்தியுள்ள புதிய டிராக்டர் ஒன்றின் விலை ஏழு லட்ச ரூபாய் என்றும், கடனுக்கு வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டின் வட்டி மட்டும் ரூ. 70,000 ஆகும். பழைய யந்திரத்தின் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க அதே தொகை செலவாயினும், அவ்வேலை பல பருவங்களுக்கு உதவும். வட்டியோ மறு ஆண்டும் வந்து நிற்கும். பத்து ஏக்கருக்குக் குறைந்த நிலமுடையவருக்கு இவ்வேறுபாடு அற்பமன்று.

ஆயினும் பழையதை என்றென்றும் பழுது பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பதும் தவறு. அமெரிக்க விவசாயப் பொறியியலார் சங்கத்தார் வகுத்துள்ள கணக்கு முறை ஒன்று உண்டு. அதன்படி, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டிராக்டரின் ஆயுள் 12,000 மணி நேரம். அக்காலத்துக்குள் பழுது பார்க்கும் செலவு, யந்திரத்தின் விலைக்கு ஏறக்குறைய ஈடாகிவிடும். ஆனால் அச்செலவு ஒரே சீராக வருவதன்று. முதல் 6,000 மணியில் அதில் கால்பங்கே வரும். எஞ்சிய முக்கால்பங்கும் பிற்பாதியில் வரும். முதலாவது ஆயிரம் மணிக்கு விலையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்கும் செலவு, பதினோராவது ஆயிரம் மணிக்கு நூற்றுக்குப் பதினைந்தை எட்டுகிறது. அந்நாட்டின் கூலியும் நிலமும் வேறாயினும், செலவு ஏறும் விதம் இங்கும் அதுவே. எனவே மணி காட்டும் கருவி பழுதாகிக் கிடந்தால் அதை முதலில் மாற்றுவது அவசியம். யந்திரத்தின் வயதை அறியாதவர், அதைக் காப்பதா விற்பதா என்று தீர்மானிக்க இயலாது.

சாமானின் விலை வேறு, அதனால் நேரும் நஷ்டம் வேறு என்பதையும் உணர வேண்டும். சேற்றுழவில் சக்கர அச்சின் எண்ணெய் முத்திரை, அதாவது ஆயில் சீல், தேய்ந்தால் சேற்று நீர் உள்ளே புகும். எண்ணெய் கெட்டுப் பேரிங் தேயும். பேரிங் தேய்ந்தால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தின்னும். சிறு தொகையில் தீர்ந்திருக்கவேண்டிய வேலை பெருந்தொகையில் முடிகிறது. அன்றியும், நாற்று முற்றிக்கொண்டிருக்கையில் சாமான் கிடைக்காமல் ஒரு வாரம் யந்திரம் நின்றுவிட்டால், அந்நஷ்டம் எந்த ரசீதிலும் காணப்படாது, விளைச்சலில்தான் காணப்படும். காற்று வடிகட்டியை அசட்டை செய்வதும் இத்தகையதே. புழுதி உள்ளே சென்றால் சிலிண்டர் லைனரும் பிஸ்டன் வளையங்களும் காலத்துக்கு முன்பே தேய்ந்துபோகும். உதிரிச் சாமான் செலவைக் குறைக்கும் முதல் வழி, சாமான் தேயாமல் காப்பதே.

இரண்டாவது வழி, வாங்கும் முறையை அறிதல். டிராக்டர் கம்பெனியின் பெயர் பொறித்த பெட்டியில் வரும் சாமான்கள் யாவும் அக்கம்பெனியார் செய்தவை அல்ல. பேரிங்குகளுக்கு உலகெங்கும் வழங்கும் பொது எண் உண்டு. உதாரணமாக, 6205 என்னும் எண்ணுள்ள பேரிங், எவர் செய்தாலும் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர் அளவுள்ளதாகவே இருக்கும். ஆயில் சீலுக்கும் இவ்வாறே மூன்று அளவுகள் உண்டு. விசிறிப் பட்டைக்கு வகையும் நீளமும் குறிக்கப்பட்டிருக்கும். பழைய சாமானைத் துடைத்து, அதில் வெட்டியுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, நற்பெயருள்ள பேரிங் கடையில் கேட்டால், அதே தரமுள்ள பொருள் பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். டிராக்டரின் பெயரைச் சொல்லிக் கேட்பவர், பெயருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார்.

எல்லாச் சாமானிலும் இவ்விதச் சிக்கனம் செல்லாது. பிஸ்டன், வளையம், லைனர், கிராங்குத் தண்டின் பேரிங், டீசல் பம்பின் உறுப்புகள், நாசில் ஆகியவற்றில் நுண்ணிய அளவும் உலோகத்தின் தரமுமே பிரதானம். இவற்றில் மலிவுச் சரக்கை வாங்குபவர், ஒரே வேலைக்கு இருமுறை கூலி கொடுப்பார். கிராங்குத் தண்டைக் கடைந்தால், எத்தனை அளவு குறைத்துக் கடைந்தனர் என்பதை எழுத்தில் வாங்கி, அதற்கேற்ற பேரிங்கையே போட வேண்டும். பிரேக்கு, ஸ்டியரிங் சம்பந்தமான உறுப்புகளைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துப் பொருத்துதல் உயிருக்கே ஆபத்து. மற்றபடி மட்கார்டு, இழுவைச் சட்டம் முதலானவற்றைக் கழித்துப்போட்ட வண்டியிலிருந்து எடுப்பதில் குற்றமில்லை.

பழைய டிராக்டர் வாங்க நினைப்போர் ஒன்றைக் கவனிப்பார்களாக. யந்திரத்தின் விலையைவிட, அதன் சாமான் கிடைக்குமா என்பதே பெரிது. 1971-ல் செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர் கம்பெனியாரின் உதவியுடன் ஹரியானாவிலுள்ள பிஞ்சோரில் எச்.எம்.டி. டிராக்டர்கள் செய்யத் தொடங்கினர். உறுதிக்குப் பெயர்பெற்ற அத்தொழிற்சாலையை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை அனுமதி தந்தது. செய்தவர் கடையைக் கட்டிய பின், வைத்திருப்பவர் தனியார் செய்யும் சாமானையும் கழித்த வண்டிகளையுமே நம்பியிருக்க நேரிடுகிறது. இதற்கு மாறாக, சென்னைச் சிம்ப்சன் கம்பெனியாரின் எஞ்சின் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனி டிராக்டர்களில் பொருத்தப்பட்டிருப்பதால், அதன் சாமான் பல ஊர்களில் கிடைக்கிறது. பலரும் வைத்திருக்கும் வகையை வாங்குவதே விவேகம்.

இனி அரசாங்கம் செய்யவேண்டியது யாது? 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும், அதன் டயர், டியூபுக்கும், குறிப்பிட்ட பல உறுப்புகளுக்கும் சரக்கு சேவை வரி நூற்றுக்கு ஐந்தாகக் குறைக்கப்பட்டது. உறுப்புகளுக்கு முன்னர் இருந்த வரி பதினெட்டு. வரி நீங்கலாக ரூ. 10,000 விலையுள்ள கியர்ப்பெட்டி உறுப்புக்கு முன்பு ரூ. 11,800 கொடுத்தவர், இக்குறைப்பின்படி ரூ. 10,500 கொடுத்தால் போதும். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் குறைப்பின் பயன், ரசீது கேட்டு வாங்குபவருக்கே கிட்டும். ரசீதின்றி வாங்குபவர் என்ன வரி கொடுத்தார் என்பதைக் கடைக்காரரே அறிவார்.

2014-15-ல் தொடங்கிய விவசாய யந்திரமயத் திட்டத்தில், புதிய யந்திரம் வாங்குவோருக்கு விலையில் 40 முதல் 50 சதவிகிதம் வரை மானியம் வகுக்கப்பட்டது. புதியது வாங்கப் பணம் உதவும் சர்க்கார், உள்ளதைக் காக்க உதவாதிருப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை. சாமானுக்கு மானியம் கொடுத்தால் போலி ரசீதுகள் மலியும் என்று ஆட்சேபிக்கலாம். அவ்வாட்சேபணை நியாயமானதே. ஆகவே நாம் பணம் கேட்கவில்லை. மூன்று ஏற்பாடுகளையே கேட்கிறோம்.

முதலாவது, எருவும் கடனும் வழங்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள், அவ்வட்டாரத்தில் மிகுதியாக உள்ள டிராக்டர் வகைகளுக்கேற்ப வடிகட்டி, ஆயில் சீல், பேரிங், பட்டை, கிளச்சுத் தட்டு முதலியவற்றைப் பருவத்துக்கு முன்பே இருப்பில் வைத்தல். இரண்டாவது, ஒரு வகை டிராக்டரைச் செய்வதை நிறுத்தும் கம்பெனியார், அதன் பின்னும் குறித்த ஆண்டுகள் வரை சாமான் வழங்கவும், விலைப் பட்டியலை யாவரும் காண வெளியிடவும் சட்டத்தால் கடமைப்படுத்துதல். பழுது பார்க்கும் உரிமையை ஆராய மத்திய சர்க்கார் 2022-ல் அமைத்த குழு, விவசாயக் கருவிகளையும் தன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-ல் இதற்கெனச் சட்டமே இயற்றி, 2024 ஜனவரி முதல் அமலுக்குக் கொணர்ந்தது. நம் நாட்டிலும் இம்முயற்சி விவசாயியின் களத்தை வந்தடைய வேண்டும். மூன்றாவது, புத்னியிலும் அனந்தபூரை அடுத்த கார்லதின்னேயிலும் உள்ள மத்திய யந்திரப் பயிற்சி நிலையங்களைப் போல, மாவட்டந்தோறும் கிராமத்து இளைஞருக்கும் பட்டறைக்காரருக்கும் குறுகிய காலப் பயிற்சி அளித்தல்.

கிராம அதிகாரிகள் இதில் செய்யக்கூடியது எளிது. தம் கிராமத்தில் எந்த வகை டிராக்டர் எத்தனை உள்ளன, எவ்வாண்டில் செய்யப்பட்டவை என்று ஒரு பட்டியல் தயாரித்துச் சங்கத்துக்குக் கொடுப்பாராயின், எச்சாமானை எவ்வளவு இருப்பில் வைப்பது என்பது தானே விளங்கும்.

விவசாயிகள் செய்யவேண்டியது அதனினும் எளிது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஓடிய மணி, மாற்றிய எண்ணெய், வாங்கிய சாமானின் எண், விலை, தேதி ஆகியவற்றை எழுதி வருவார்களாக. ஈராண்டுக் கணக்கைப் பார்த்தால், எச்சாமான் அடிக்கடி கெடுகிறது, ஏன் கெடுகிறது, யந்திரத்தை வைத்திருப்பது லாபமா விற்பது லாபமா என்பன புலனாகும். கோடை உழவு தொடங்குமுன் அப்புத்தகத்தின் முதற்பக்கத்தை எழுதத் தொடங்குவது உத்தமம்.