காலம் திரும்பினால் போதுமா?



காலப் பயணப் படம் என்றால் இயந்திரமும் விறுவிறுப்பும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 2015இல் வந்த ‘இன்று நேற்று நாளை’ படத்தில் அந்த இயந்திரத்தை வைத்துப் பணம் சம்பாதிக்கப் பார்ப்பார்கள். 2022இல் ஸ்ரீகார்த்திக் இயக்கத்தில் வந்த ‘கணம்’ வேறு மாதிரி. மேடையில் பாடத் தயங்கும் ஆதி, சிறு வயதில் இழந்த அம்மாவைக் காப்பாற்ற 1998ஆம் ஆண்டுக்குப் போகிறான். அம்மாவாக நடித்திருப்பவர் அமலா.

காலம் திரும்புகிறது, ஆனாலும் அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த முடிவு சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எனக்கு இதுதான் நேர்மையான முடிவாகப் படுகிறது. அவளோடு மறுபடியும் இருந்த கொஞ்ச நேரம்தான் ஆதிக்குக் கிடைத்த ஈவு.

கூடுதல் காலம் கிடைத்தால் குடும்பத்தின் மேல் அன்பும் தானாகக் கூடிவிடுமா? எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். மரணப்படுக்கையில் அழுது ஜெபித்தவருக்குக் கர்த்தர் 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார். அதற்கு அடையாளமாக ஆகாஸின் சூரிய கடிகாரத்தில் நிழல் 10 பாகை பின்னுக்குப் போனது. பிறகு அவர் பாபிலோன் தூதர்களுக்குத் தம் பொக்கிஷங்களைக் காட்டிப் பெருமைப்பட்டார். அவர் சந்ததியார் சிறைப்பட்டுப் போவார்கள் என்று ஏசாயா சொன்னபோதும், தம் நாட்களில் சமாதானம் இருக்குமே என்று ஆறுதலடைந்தார். 12 வயதில் ராஜாவாகி தேசத்தையே வழிதப்பப் பண்ணின மனாசே, அந்த 15 வருஷத்துக்குள் பிறந்த மகன்தான்.

செவன் ஹில்ஸில் வாழும் நமக்கும் இது பொருந்தும். நம் தாத்தா பாட்டிகள் பலர் திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறார்கள். குளிர்காலத்தில் இங்கே இரவு ஏழரை என்றால் அங்கே பிற்பகல் மூன்று மணி. அம்மா போனை நீட்டும்போது “ஹாய் பாட்டி” என்று கையசைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தமிழ் தடுமாறினாலும் பரவாயில்லை, பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுடைய வாலிப நாட்களைப் பற்றிக் கேளுங்கள். 1998க்குப் போக நமக்கு இருக்கும் வழி அதுதான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்காகவே ஓவர்டைம் பார்க்கிறீர்கள். அது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு, இந்தப் படத்தை எங்களோடு உட்கார்ந்து பாருங்கள். பிறகு உங்கள் அம்மாவைப் பற்றி எங்களுக்குச் சொல்லுங்கள்.