தலைப்புக்கும் வேண்டும் தலைப்பெழுத்து

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

நம் கல்லூரியில் எந்த வகுப்பறை வாயிலில் நின்று "மணிகண்டன்!" என்று அழைத்தாலும் இருவரேனும் திரும்பிப் பார்ப்பர். இந்தக் குழப்பத்திற்குத் தமிழர் கண்ட எளிய தீர்வு தலைப்பெழுத்து. தந்தையின் பெயரிலிருந்து ஓர் எழுத்து. சில வேளை ஊரின் பெயரிலிருந்தும் ஓர் எழுத்து. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையரின் பெயரில் 'உ' என்பது உத்தமதானபுரம். 'வே' என்பது தந்தையார் வேங்கடசுப்பையர். இரண்டே எழுத்துகள் இன்ன ஊர், இன்னார் மகன் என்று சொல்லிவிடுகின்றன.

மனிதருக்கு நாம் தரும் இந்தச் சிறு அடையாளத்தைக் கணிப்பொறியில் சேர்த்துவைக்கும் தகவல்களுக்கும் தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கணிப்பொறி தகவல்களை அட்டவணைகளாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு தலைப்பு உண்டு. ஒரு செய்தி ஓர் அட்டவணையிலும் மற்றொன்று வேறோர் அட்டவணையிலும் இருந்தால், பொதுவான ஓர் எண்ணைக் கொண்டு இரண்டையும் பொருத்துகிறோம். ஆய்வகத்தில் 'ஜாயின்' என்று நாம் சொல்வது இதைத்தான். இரண்டு அட்டவணைகளிலும் ஒரே தலைப்பு இருந்துவிட்டால் எது எவருடையது?

இக்கேள்வி புதிதன்று. 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட், இன்றைய தகவல் தளங்களுக்கெல்லாம் அடிப்படையான தம் ஆய்வுரையை வெளியிட்டார். அதிலேயே இச்சிக்கல் இருக்கிறது. எந்தப் பாகம் எந்தப் பாகத்திற்குள் அடங்கும், எத்தனை வேண்டும் என்று காட்டும் ஓர் அட்டவணை. இரண்டு நெடுவரிசைகளுக்கும் தலைப்பு 'பாகம்'. காட் சொன்ன வழி, ஒவ்வொன்றும் ஏற்கும் பங்கைக் காட்டும் ஒரு சொல்லை முன்னால் சேர்ப்பது. ஒன்று உட்பாகம், மற்றொன்று மேற்பாகம். இது நம் தலைப்பெழுத்தே அல்லவா?

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மக்கள் தொகைக் கணக்கின்படி கடலூர் மாவட்டத்தில் 2001-இல் 22,85,395 பேர். 2011-இல் 26,05,914 பேர். பத்தாண்டு வளர்ச்சி ஏறத்தாழ 14 விழுக்காடு. இரண்டு ஆண்டுகளுக்கும் இரண்டு அட்டவணைகள். இரண்டிலும் 'மாவட்டம்', 'மொத்த மக்கள்' என்னும் அதே தலைப்புகள். எல்லாவற்றையும் கொடு என்று 'செலக்ட் ஸ்டார்' போட்டு இணைத்தால், 'மொத்த மக்கள்' என்ற தலைப்பு இருமுறை வருகிறது. அதைப் பி.எச்.பி. மொழியில் தலைப்பின் பெயரால் எடுத்தால் கடைசியாக வந்ததே நிற்கும், முன்னது மறைந்துபோகும். பிழைச் செய்தி எதுவும் வராது. வளர்ச்சியைக் கணக்கிட்டால் சுழி என்று விடை வரும்!

'நேச்சுரல் ஜாயின்' செய்வது இன்னும் வேடிக்கை. அது ஒரே பெயருள்ள தலைப்புகளையெல்லாம் தானே ஒப்பிட்டுப் பார்க்கும். மாவட்டத்தின் பெயர் பொருந்துகிறது. மக்கள் தொகை பொருந்தவில்லை. ஆகவே கடலூர் மாவட்டமே விடையில் இராது. பத்தாண்டில் மக்கள் பெருகியதற்காக ஒரு மாவட்டத்தையே கணிப்பொறி தள்ளிவிடுகிறது.

இங்கேனும் இரண்டு தலைப்புகளுக்கும் பொருள் ஒன்று. ஆண்டு மட்டுமே வேறு. பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் இடத்தில்தான் பெரிய ஆபத்து. 'தொகுதி' என்ற தலைப்பைப் பாருங்கள். குறிஞ்சிப்பாடி வாக்காளருக்குச் சட்டமன்றத் தொகுதி குறிஞ்சிப்பாடி. நாடாளுமன்றத் தொகுதி கடலூர். அரியலூர் வாக்காளரின் நாடாளுமன்றத் தொகுதியோ சிதம்பரம்! சிதம்பரம் என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியும் உண்டு. ஒரு வட்டமும் உண்டு. 'தொகுதி' என்று மட்டும் எழுதிய இரண்டு நெடுவரிசைகளில் ஒன்று மற்றொன்றை மறைத்தால், அரியலூர்க்காரர் சிதம்பரத்துச் சட்டமன்றக் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

'பெயர்' என்ற தலைப்பும் அப்படியே. குடும்ப அட்டையில் அது குடும்பத் தலைவரின் பெயர். மின் இணைப்பில் அது இணைப்பு வாங்கியவரின் பெயர். பல வீடுகளில் அவர் காலமான பாட்டனார், வாடகை வீடாயின் வீட்டின் சொந்தக்காரர். தமிழ்நாட்டில் 2022-இல் மின் இணைப்பு எண்ணோடு ஆதார் எண்ணை இணைக்கும் பணி தொடங்கியபோது, ஒரே வீட்டிற்கு இப்படி எத்தனை 'பெயர்' உண்டு என்பதை நாமெல்லாம் கண்டோம்.

"இதற்கெல்லாமா ஒரு கட்டுரை? கருவியே பார்த்துக்கொள்ளுமே!" என்பர் சில நண்பர்கள். உண்மைதான். பைத்தானில் 'பாண்டாஸ்' கருவி ஒரே பெயர் இரண்டு வந்தால் ஒன்றின் பின்னால் எக்ஸ் என்றும் மற்றொன்றின் பின்னால் ஒய் என்றும் ஒட்டிக் கொடுக்கிறது. ஆனால் எக்ஸ் எது, ஒய் எது என்பது நிரல் எழுதியவருக்கு அன்றைக்கு மட்டுமே தெரியும். ஆறு மாதம் சென்றபின் அவருக்கே தெரியாது. பொருளறிந்து பெயரிடுவது மனிதனின் வேலை. அதைக் கருவியிடம் விட்டுவிடலாகாது.

எங்கள் ஊர்த் தறிகளில் பாவு இழை ஒவ்வொன்றும் அச்சில் தனக்குரிய இடத்தின் வழியாகத்தான் செல்லும். இரண்டு இழைகள் இடம் மாறினால் கைலியின் கட்டம் கெடும். தறியிலே பிழை கண்ணுக்குத் தெரியும், அட்டவணையிலே தெரியாது. அதனால்தான் அட்டவணைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நம்மில் பலரும் அப்படித்தான். நம் பெற்றோர் விண்ணப்பத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பவர்கள். உதவித்தொகை ஆயினும் ஓய்வூதியம் ஆயினும், "கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது" என்று எவரேனும் சொல்லிவிட்டால் அவர்களிடம் மறுமொழி இல்லை. எந்த அட்டவணையின் எந்தப் 'பெயர்' திரையில் நிற்கிறது என்று அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம். நாளை அந்த நிரல்களை எழுதப்போகிறவர்களும் நாமே.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஆய்வகப் பதிவேட்டில் இணைப்பு எழுதும்போது ஸ்டாரைத் தவிர்த்து, வேண்டும் தலைப்புகளை ஒவ்வொன்றாக எழுதுவோம். ஒரே பெயர் இரண்டு வந்தால் 'மொத்தம்_2001', 'மொத்தம்_2011' என்றும், 'அட்டைத்தலைவர்_பெயர்', 'மின்இணைப்பு_பெயர்' என்றும் பொருள் விளங்கப் பெயரிடுவோம். எந்த நெடுவரிசைகளைக் கொண்டு இணைக்கிறோம் என்பதை நாமே எழுதுவோம். ஆட்பெயரையோ ஊர்ப்பெயரையோ நம்பாமல் அதற்குரிய எண்ணைக் கொண்டு இணைப்போம். விரிவுரையாளர்களும் இதற்கெனச் செய்முறைத் தேர்வில் ஓரிரு மதிப்பெண் ஒதுக்கினால் பழக்கம் தானே வந்துவிடும்.

கூடுதலாகத் தட்ட வேண்டியவை சில எழுத்துகளே. அவற்றைச் சோம்பலால் விட்டுவிட்டால், இழப்பு நமக்கன்று. பெயர் மாறிய யாரோ ஓர் ஏழைக்கு. பெயரைத் திருத்தமாக எழுதுவதும் ஒரு தொண்டு என்று கருதி, அதை நம் ஆய்வகத்திலிருந்தே தொடங்குவோமாக!