மருந்து அடித்தும் சாகாத புகையான்: டெல்டா வயலில் என்னதான் நடக்கிறது?

சம்பா, தாளடி சீசனில் தஞ்சாவூர் பக்கத்து உரக்கடைகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "அண்ணே, போன வருசம் கேட்ட மருந்து இந்த வருசம் கேட்கலையே!" போலி மருந்து என்று சண்டை போடுபவர்களும் உண்டு. ஆனால், பல நேரங்களில் மாறியது மருந்து அல்ல, பூச்சிதான்.

புகையான், ஒரு நெல்மணி அளவுகூட இல்லாத பழுப்புத் தத்துப்பூச்சி. பயிரின் அடித்தண்டில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்துபோகும்.

பூச்சிக்குள் என்ன மாறியது?

1990-களில் வந்த இமிடாகுளோபிரிட், புகையானை நன்றாகவே கட்டுப்படுத்தியது. 2005 வாக்கில் ஆசியாவின் பல பகுதிகளில் அது கைவிட்டது. இந்தியாவிலும் எதிர்ப்புத்திறன் பதிவானது. காரணத்தை 2018-ல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. பூச்சியின் ஒரு மரபணு இரண்டு நகல்களாகியிருந்தது. ஒன்று பழையபடியே இருக்க, மற்றொன்றில் நடந்த மாற்றம் மருந்தைச் சிதைக்கும் திறனைக் கொடுத்துவிட்டது.

அது மட்டும் போதுமா?

போதாது. வயலில் சிலந்திகளும், புகையான் முட்டையைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் இருந்தால், மருந்துக்குத் தப்பிய பூச்சியும் பெருக முடியாது. கண்டபடி மருந்து அடித்தால் இவைதான் முதலில் காலி. புகையான் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பொரித்து வரும் குஞ்சுக்கு எதிரியே இல்லை. யூரியாவை அள்ளிப் போட்டு நெருக்கி நட்ட பயிர் என்றால் விருந்துதான். ஆக, மரபணு மாற்றம் தானாக வந்தது; வயலை அதற்குத் திறந்துவிட்டது நாம்.

வேறு வழி இருக்கிறதா?

இந்தோனேசியா 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. மருந்து மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. அதனால் நெல் உற்பத்தி சரிந்துவிடவில்லை.

நம்மிடமும் வழி இருக்கிறது. எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுவது, யூரியாவைப் பிரித்துப் போடுவது, தண்ணீரை வடிப்பது எல்லாம் வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதுதான். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தாலே நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரும்வரை பொறுக்கலாம் என்பது அதன் கணக்கு.

ஆனால், ஒரு போகம் போனால் கடனில் மூழ்கும் குத்தகை விவசாயி பயத்தில் மருந்து அடிப்பதைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு முதல் ஆலோசனை உரக்கடையில்தான் கிடைக்கிறது. வேளாண் துறை ஆட்கள் அதற்கு முன்பே வயலில் இறங்கி, புகையானோடு சிலந்தியையும் சேர்த்து எண்ணிச் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் அடுத்த புது மருந்தை இறக்கினால், பூச்சி அதையும் பழகிக்கொள்ளும்.