பாட்டியிடம் சொல்ல மறந்த ஒரு வரி

சுங்கை சிப்புட் பக்கம் என் பாட்டி வாழும் தோட்டத்தில் பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டு வெகுகாலமாகிறது. பாதி லயம் காலி. ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் குடிபோனவர்கள், அடுக்குமாடி வீட்டில் வளர்க்க முடியாது என்று நாய்களை விட்டுவிட்டுப் போனார்கள். அவற்றுக்கெல்லாம் பாட்டிதான் சோறு வைப்பார்.

நான் படிவம் 3 படித்த வருடம், ஈப்போவிலிருந்து கால்நடை மருத்துவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் சொந்தக் காரில் வந்தார். பழைய பாலர் பள்ளிக் கட்டடத்தில் நாய்களுக்கு இலவசமாகக் கருத்தடை செய்வதாக ஏற்பாடு. முதல் நாள் இரவுக்குப் பிறகு நாய்க்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்று மலாயில் எழுதிய தாளை முந்தின வாரமே வீடு வீடாகக் கொடுத்திருந்தார்கள். பாட்டிக்கு மலாய் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்ல வேண்டியவன் நான். மறந்துவிட்டேன்.

காலையில் பாட்டி வழக்கம்போல் சோறும் நெத்திலிக் குழம்பும் வைத்துவிட்டார். வயிறு நிறைந்த நாய்க்கு மயக்க மருந்து கொடுத்தால், வாந்தி நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். "இன்னைக்கு முடியாது பாட்டி" என்றார் மருத்துவர். எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு வீடுகளிலும் இதே கதை. மூன்று மாதத்தில் அந்த நாய் ஏழு குட்டி போட்டது. நான்கு, பெரிய சாலையில் லோரியில் அடிபட்டன.

தொண்டூழியம் செய்யும் கால்நடை மருத்துவர்களை நாம் பாராட்டுகிறோம். பாராட்டோடு நின்றுவிடுகிறோம் என்பதுதான் என் குறை. இலவசம் நமக்குத்தான், மயக்க மருந்து, தையல் நூல், கையுறை, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் யாரோ பணம் கொடுக்கிறார்கள். ஈப்போவில் தெருநாய், பூனைகளின் கருத்தடைக்கு உதவும் 'நோவாஸ் ஆர்க் ஈப்போ' போன்ற அமைப்புகளும் நன்கொடையில்தான் ஓடுகின்றன. ஒரு கால்நடை மருத்துவரை உருவாக்க ஐந்தாண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும். மலேசியக் கால்நடை மருத்துவர் மன்றத்தில் பதிந்தவர்தான் சிகிச்சை செய்யலாம். அப்படிப்பட்டவரின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாய் துரத்துவதிலும் பெயர் எழுதுவதிலும் தீர்த்துவிடுவது சரியா?

கோவாவில் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். 2013இல் இந்தியாவில் தொடங்கிய 'மிஷன் ரேபிஸ்' இயக்கத்துக்கு வெளிநாட்டு மருத்துவர்கள் வந்து உதவினார்கள். ஆனால் தொண்டூழியர் எல்லாரும் மருத்துவர் அல்லர். நாயைப் பிடிக்க, தடுப்பூசி போட்ட ஒவ்வொரு நாயையும் கைப்பேசிச் செயலியில் பதிய, பள்ளிகளில் விளக்கம் சொல்ல வேறு கைகள் இருந்தன. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது ஊசி போட்டால்தான் நோய்ப் பரவல் நிற்கும். அதற்குக் கணக்கு எழுதுபவரும் தேவை. 2021இல் அம்மாநிலம் வெறிநாய்க்கடி நோய் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. நம் நாட்டிலோ 2017இல் சரவாக்கில் தலைகாட்டிய அதே நோய் பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. இது நாய்மீது இரக்கப்படுபவர்களின் வேலை மட்டும் என்று ஒதுங்க முடியாது.

தோட்டத்தில் எந்த நாய் எந்த வீட்டுச் சோறு தின்கிறது என்பது மருத்துவருக்குத் தெரியாது; நமக்குத் தெரியும். "வாயில்லா ஜீவனை அறுக்கிறது பாவம்" என்று கதவைச் சாத்தும் பாட்டியிடம் அவரால் பேச முடியாது, பேரனால் முடியும். தையல் காயும்வரை பத்து நாள் நாயை நக்கவிடாமல், நனையவிடாமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும்.

பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து விழுக்காடு இருப்பதால், சான்றிதழுக்காக முகாமுக்கு வருகிறவர்களும் உண்டு. வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பூனைக்குட்டியோடு படம் எடுத்த பிறகு கூண்டையும் கழுவிவிட்டுப் போனால் போதும்.

போன தீபாவளிக்குப் போனபோது லயத்தைச் சுற்றி ஒரு பட்டியல் எடுத்தேன். பதினோரு வீடு, பதினான்கு நாய். மலாய் படிக்கத் தெரியாதவர்கள் ஐந்து பேர். அந்தத் தாளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முகாமுக்கு முதல் நாள் இரவு ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்வதாக ஏற்பாடு. பாட்டி வீட்டுக்கு இரண்டு முறை போவேன்.