மெரினாவில் நிற்கும் மூவர்



நம் வாலிபர் சிலர் விடுமுறையில் தலைநகர் சென்று, வழிகாட்டி எவருமின்றிக் கைப்பேசி வரைபடத்தைக் கொண்டே மெரினாவின் சிலைகளை நடந்து கண்டுவந்தனர். நல்லதே. 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அங்கே எழுப்பப்பட்ட சிலைகளுள் வீரமாமுனிவர், கால்டுவெல், போப் மூவரும் இருக்கிறார்கள். "நம்மவர்கள்!" என்று படம் அனுப்பினார்கள்.

நம்மவர்களா? இத்தாலியில் பிறந்தவர் தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். போப் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தார். நம் பிள்ளைகளோ ஞாயிறு ஆராதனையின் கீர்த்தனைகளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். "அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது, ஐயா" என்று பெற்றோர் சொல்லும்போது அச்சொல்லில் ஒரு பெருமை தொனிக்கிறது. நாமக்கல் கவிஞர் பிறந்த மோகனூரில்!

தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைச் சிங்காரித்தவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார். அவர்களாவது கட்டுவதற்கு உழைத்தார்கள். நாம் சிலையருகே நின்று படமெடுத்ததோடு சரி. (சபை அறிவிப்புகளை ஆங்கிலத்தில் அச்சிட இசைந்தவன் நானே, அந்தப் பழி என்மேலும் இருக்கிறது.)

வரும் ஞாயிறுமுதல் வேதபாடத்தை வாலிபரே தமிழ் வேதாகமத்திலிருந்து வாசிப்பார்கள். தடுமாறினால் காத்திருப்போம்.